காட்டுக்கு எந்த ரிவால்வர் கேலிபர்? வேட்டைக்கும் இடுப்பில் சுமப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் போய் "எது ரொம்ப சக்தி வாய்ந்தது?" என்று கேட்டால், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம் (அதிக சக்தித் தோட்டா) ரிவால்வரை எடுத்து முன்னால் வைப்பார்கள். ஐந்து தோட்டா கொள்ளும். நீளக் குழல் மாடல் இரண்டு கிலோ எடை. பழைய துப்பாக்கி விற்கும் அலமாரியிலும் இதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பாதிகூடக் காலியாகாத தோட்டாப் பெட்டியும் இருக்கும். வாங்கியவருக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

கேலிபரை, அதாவது குழலும் தோட்டாவும் எந்த அளவு என்பதை, தேர்வு செய்யும்போது அதன் அதிகபட்ச சக்தியைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், எந்தக் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை), அதை உங்கள் கை எவ்வளவு தாங்கும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், கேலிபர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். இந்த வழிகாட்டி அமெரிக்காவில் சட்டப்படி வேட்டையாடுபவர்களுக்கும், கரடி நடமாடும் பகுதிகளில் நடப்பவர்களுக்கும், மீன்பிடிப்பவர்களுக்கும் உரியது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையே தடை என்பதால், அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

முதல் படி: விசாவும் மாநில விதியும்

துப்பாக்கியைத் தொடும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எஃப்-1, எச்-1பி, எச்-4, சுற்றுலா விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். "நண்பனோடு சும்மா ரேஞ்சுக்குப் போனேன்" என்பது எடுபடாது. நடைமுறையில் அதிகம் பயன்படும் விதிவிலக்கு, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது மாநில வேட்டை விதி. பலருடைய தேர்வு இங்கேயே முடிந்துவிடும். ஒஹையோவில் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கியின் குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். தோட்டா நேர்ச்சுவர் கேஸ் (மேலே குறுகாத உலோகக் கூடு) கொண்ட .357 அல்லது அதற்கு மேல். எல்லோரும் விரும்பி வாங்கும் 4 அங்குல ரிவால்வர் அங்கே மானுக்கு உதவாது. கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கு 4 அங்குலக் குழல் போதும், ஆனால் குண்டு 50 கெஜத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றலோடு போய்ச் சேர வேண்டும். வழக்கமான .357 மேக்னம் தோட்டா, அதாவது 158 கிரெய்ன் (குண்டுக்கான சிறு எடை அலகு) குண்டு நொடிக்கு 1,235 அடி வேகத்தில், குழல் வாயிலேயே 535 அடி-பவுண்டுதான் கொடுக்கும்.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். குண்டின் எடையை கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும். தோட்டாப் பெட்டியில் 50 கெஜ வேகமும் அச்சிட்டிருந்தால் சட்டத்தின் கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கியால் எந்த வன விலங்கைச் சுட்டாலும் ஈயமில்லாத குண்டுதான் பயன்படுத்த வேண்டும். செப்புக் குண்டு அதே நீளத்தில் ஈயக் குண்டைவிட எடை குறைவு. நீங்கள் படித்து வைத்த எடைப் பரிந்துரைகள் அங்கே அப்படியே பொருந்தாது.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் வேட்டையும் சுடுவதும் தடை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு சீசனுக்கும் மாநில வனத்துறையின் புதிய கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சுடும் நேரம் யார் கையில்?

வேட்டையில் நேரம் உங்கள் கையில். தூரத்தை அளந்து, மரத்தில் சாய்ந்து, விலங்கு பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) இழுத்துவைத்துச் சுடலாம். நீளக் குழல், கனமான துப்பாக்கி, ஸ்கோப் அல்லது ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) எல்லாம் அங்கே உதவும்.

தற்காப்புக்குச் சுமக்கும்போது நேரம் விலங்கின் கையில். கிரிஸ்லி கரடி மணிக்கு 35 மைல்வரை ஓடும், நொடிக்கு ஏறக்குறைய 17 கெஜம். 25 கெஜத்திலிருந்து பாய்ந்தால் உங்களுக்கு இரண்டு நொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் உறையிலிருந்து உருவி, ஹேமரை முதலில் இழுக்காமல் ட்ரிகரை அழுத்தியே சுடும் டபுள் ஆக்‌ஷனில், ஒருவேளை ஒற்றைக் கையால், ஒன்றுக்கு மேல் சுட வேண்டியிருக்கும். முதல் குண்டு போனதும் துப்பாக்கி வானத்தைப் பார்த்தால் இரண்டாவதற்கு வாய்ப்பில்லை.

இரண்டையும் ஒரே துப்பாக்கியால் செய்யலாம், விட்டுக்கொடுத்தல்களோடு. முக்கியத் தேவை எது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மற்றதைத் தோட்டாவை மாற்றிச் சமாளிக்கலாம்.

மூன்றாம் படி: கேலிபர்கள்

.22 லாங் ரைஃபிள் அணிலுக்கும் முயலுக்கும். 40 கிரெய்ன் குண்டு ரிவால்வரில் 100 அடி-பவுண்டு அளவில் கொடுக்கும். மானுக்கோ கரடிக்கோ எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஆனாலும் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. உங்கள் பெரிய ரிவால்வரைப் போலவே பிடியும் ட்ரிகரும் உள்ள .22 மலிவான பயிற்சிக் கருவி.

.327 ஃபெடரல் மேக்னம் 2008-இல் வந்தது. சிறிய சட்டகத்தில் .357 ஐந்து கொள்ளும் இடத்தில் இது ஆறு கொள்ளும். .32 எச் அண்ட் ஆர் மேக்னம், .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாக்களையும் இதில் போடலாம். கொயோட்டி (நரி போன்ற விலங்கு) அளவு விலங்குகளுக்குச் சரியான கேலிபர். சத்தம் மட்டும் உடம்பைவிடப் பெரியது.

.357 மேக்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1935-இல் அறிமுகமானது. .38 ஸ்பெஷலின் கேஸை நீட்டித்து உருவாக்கியது: .38-இன் கேஸ் 1.155 அங்குலம், .357-இன் கேஸ் 1.29 அங்குலம். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம். தலைகீழாகப் போட முடியாது, கூடாது. அனுமதிக்கப்பட்ட அழுத்தம் .38-க்கு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000. ஒரே துப்பாக்கியில் மிதமான பயிற்சியும் முழு மேக்னமும் கிடைப்பதுதான் இதன் பலம். வெண்வால் மானுக்கு 50 கெஜத்துக்குள், 158 முதல் 180 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (முனை மென்மையாக இருந்து பட்டதும் விரியும் குண்டு) அல்லது கடின வார்ப்பு ஈயக் குண்டோடு (விரியாமல் ஊடுருவுவது) போதுமானது. கருங்கரடிப் பகுதியில் சுமக்கவும் ஏற்றது. கிரிஸ்லிக்கு இதைக் கீழெல்லையாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 180 கிரெய்ன் கடின வார்ப்புக் குண்டோடு.

எங்கள் கணிப்பு: வேட்டையைவிட நடையும் மீன்பிடியும் அதிகம் உள்ள ஒருவருக்கு ரூகர் ஜிபி100 அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 போன்ற 1.1 கிலோ எடையுள்ள .357-ஐவிடப் பொருத்தமானது குறைவு.

.41 மேக்னம் 1964-இல் வந்தது. நல்ல தோட்டா, விசுவாசமான ரசிகர்கள் உண்டு, சிற்றூர்க் கடையில் தோட்டாதான் கிடைக்காது. அந்த ஒரே காரணத்துக்காகப் புதியவர்களுக்கு வேண்டாம் என்கிறோம்.

.44 மேக்னம் 1955-56-இல் வந்தது. ரிவால்வர் வேட்டைக்கு அளவுகோல் இன்றும் இதுதான். 240 கிரெய்ன் குண்டு தோட்டாவுக்கும் குழலுக்கும் ஏற்ப நொடிக்கு 1,180 முதல் 1,350 அடி. முழு வேகத்தில் 970 அடி-பவுண்டு. மான், காட்டுப்பன்றி, கருங்கரடி, நெருக்கத்தில் எல்க் என்ற பெரிய மான் எல்லாவற்றுக்கும் போதும். 50 கெஜத்தில் குண்டு குறியில் படும்படி சைட் (குறிபார்க்கும் கருவி) அமைத்தால் 100 கெஜத்தில் சுமார் 6 அங்குலம் கீழே விழும். அதற்கு மேல் தூரம் போனால் சாதாரண சைட்டை வைத்துக் கணக்குப் போடுவது சூதாட்டம். .357-க்கு .38 இருப்பதுபோல இதற்கு .44 ஸ்பெஷல் இருக்கிறது, ஆனால் விலை அதிகம்.

.45 கோல்ட் 1873-இல் பிறந்தது. ஆற்றல் கணக்கை மட்டும் நம்புபவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுவார்கள். 255 கிரெய்ன் குண்டு, 860 அடி வேகம், சுமார் 420 அடி-பவுண்டு, காகிதத்தில் .357-க்குக் கீழே. ஆனால் .452 அங்குல அகலமும் எடையும் உள்ள தட்டைமூக்குக் குண்டு மெதுவாகப் போனாலும் ஆழமாக, நேராக ஊடுருவும். சத்தம் குறைவு, உதையும் கையைத் தள்ளுமே தவிர வெட்டாது.

இங்கே உயிர்போகும் ஓர் ஆபத்து உண்டு. .45 கோல்ட்டின் தர அழுத்தம் 14,000 பவுண்டுதான். "ரூகருக்கு மட்டும்" என்று குறிப்பிட்டு விற்கும் தோட்டாக்கள் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுப்பவை. ரூகர் பிளாக்ஹாக், ரெட்ஹாக் போன்றவற்றின் தடித்த சிலிண்டர்கள் (தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளைகள்) தாங்கும். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் அதன் இத்தாலிய நகல்களும் வெடித்துவிடும். தோட்டா எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே பொருந்திவிடும், துப்பாக்கி எச்சரிக்காது. பெட்டியைப் படிப்பது மட்டுமே பாதுகாப்பு.

.454 கசுல் 65,000 பவுண்டு அழுத்தத்தில் இயங்குவது. கேஸ் நீளம் என்பதால் .45 கோல்ட் ரிவால்வரில் நுழையாது, .454-இல் .45 கோல்ட் போடலாம். .480 ரூகர், .460, .500 எல்லாம் பெரிய கரடிக்கும் மூஸ் என்ற மிகப் பெரிய மானுக்கும் வேட்டையாடவே போகிறவர்களுக்கு. .44-இல் ஓராண்டு ஒழுங்காகச் சுட்டு, அது போதவில்லை என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் இவற்றைப் பாருங்கள்.

நான்காம் படி: குண்டு

ஒரே .357-ஐ மான் துப்பாக்கியாகவோ, மானைக் காயப்படுத்தி ஓடவிடும் துப்பாக்கியாகவோ ஆக்குவது குண்டுதான். 125 கிரெய்ன் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள குண்டு) மனிதத் தற்காப்புக்காக வடிவமைத்தது. வேகமாக விரிந்து ஆழமில்லாமல் நின்றுவிடும். மானின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே இதயம்வரை போகும் என்று எதிர்பார்க்க முடியாது. வேட்டைக்கு 158 கிரெய்னுக்கு மேல், சாஃப்ட் பாயின்ட் அல்லது வேட்டைக்கென்றே செய்த ஹாலோ பாயின்ட்.

கரடிக்கு விரிவடையும் குண்டே வேண்டாம். கொழுப்பு, தசை, தடித்த எலும்பு எல்லாவற்றையும் கடந்து உள்ளே போக வேண்டும். அகலத் தட்டைமூக்குக் கடின வார்ப்பு, .357-இல் 180, .44-இல் 300 கிரெய்ன் அளவில்.

பாம்புக்கு .38/.357 அளவில் சிறு ரவைகள் நிரப்பிய தோட்டா கிடைக்கும். பத்து அடிக்குள் வேலை செய்யும். பத்து அடிக்கு அப்பால் இருக்கும் பாம்பைச் சுட வேண்டிய அவசியமும் இல்லை, விலகிப் போகலாம்.

இன்னொன்று: ரிவால்வரில் கனமான, மெதுவான குண்டு பெரும்பாலும் மேலே போய்ப் படும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உதை குழலை உயர்த்தத் தொடங்கிவிடுகிறது. மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. .38-இல் சைட் அமைத்துவிட்டு 180 கிரெய்ன் மேக்னத்தோடு காட்டுக்குப் போனால் குறி தப்பும். எந்தத் தோட்டாவைச் சுமக்கிறீர்களோ அதிலேயே சைட் அமையுங்கள்.

ஐந்தாம் படி: எடையும் குழலும்

ஒரே தோட்டாவின் உதை, துப்பாக்கியின் எடை பாதியானால் இரட்டிப்பாகும். முழு வேக .44-ஐ 1.36 கிலோ எடையுள்ள ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கில் சுட்டால் உதையாற்றல் சுமார் 18 அடி-பவுண்டு. அதையே 0.71 கிலோ எடையுள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329பிடியில் சுட்டால் 34. நாள் முழுக்கச் சுமக்க 329பிடி சுகம்தான். ஆறு தோட்டா சுட்டதும் உள்ளங்கை வேறு கதை சொல்லும். இந்த எடையில் .44 வாங்குபவர்கள் பலர் கடைசியில் .44 ஸ்பெஷலுக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்படியானால் 1.1 கிலோ .357-ஏ நல்ல தேர்வு. அதன் முழு மேக்னம் உதை 8 அடி-பவுண்டுதான்.

குழல் ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் மேக்னம் தோட்டா நொடிக்கு 25 முதல் 50 அடி வேகம் இழக்கும். இரண்டு அங்குல .357-இல் தீப்பிழம்பும் சத்தமும் மேக்னம், வேகம் மட்டும் பாதி வழியில். சுமக்க 4 அங்குலம், வேட்டைக்கு 6 முதல் 7.5.

ஆறாம் படி: ரேஞ்சில் சோதனை

வாங்கும் முன் அந்தக் கேலிபரை வாடகைக்கோ நண்பருடையதையோ சுட்டுப் பாருங்கள். காதில் பிளக், மேலே மஃப், இரண்டும். காட்டில் வேட்டைக்கு மின்னணு மஃப் போடலாம். சருகுச் சத்தம் கேட்கும், வெடிச்சத்தம் அடங்கும்.

முதல் 300 தோட்டா மிதமானதாக இருக்கட்டும், .38 அல்லது .44 ஸ்பெஷல். பிறகு முழு மேக்னம், ஒரு நாளில் 30-க்கு மேல் வேண்டாம். உதையைப் பயந்து ட்ரிகரை இழுக்கும் முன்பே கை கீழே வெட்டிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது. அது இருக்கிறதா என்று பார்க்க, நண்பரிடம் கொடுத்துச் சிலிண்டரில் நாலு தோட்டாவும் இரண்டு வெற்றுக் கேஸும் கலந்து போடச் சொல்லுங்கள். வெற்றுக் கேஸில் ஹேமர் விழும்போது குழல் முனை அசையாமல் நின்றால் அந்தக் கேலிபர் உங்களுடையது. முனை தலை குனிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

வேட்டைத் தூரத்தைக் கண்டுபிடிக்க 6 அங்குலக் காகிதத் தட்டு போதும். மானின் இதயம்-நுரையீரல் பகுதி சுமார் 8 அங்குலம். மிச்சம் பதற்றத்துக்கான இடம். 15 கெஜத்தில் தொடங்கி, உட்கார்ந்தோ முழந்தாளிட்டோ மரத்தில் சாய்ந்தோ ஆறு தோட்டா. மேசையில் வைத்துச் சுடுவது கணக்கில் இல்லை. ஆறும் தட்டில் விழுந்தால் ஐந்து கெஜம் பின்னால் போங்கள். ஒன்று தப்பியதும் நிறுத்துங்கள். கடைசியாக ஆறும் விழுந்த தூரம்தான் உங்கள் எல்லை, அந்தக் கேலிபர் எவ்வளவு தூரம் போகும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சரி.

சுமப்பதற்கான சோதனை வேறு: 7 கெஜம், 8 அங்குலத் தட்டு, உறையிலிருந்து உருவி டபுள் ஆக்‌ஷனில் மூன்று குண்டு, நாலு நொடிக்குள். .44-இல் முடியாமல் .357-இல் முடிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஏழாம் படி: கோளாறுகள்

இலகுவான மேக்னம் ரிவால்வர்களில் மோசமான கோளாறு, சுடாத தோட்டாக்களில் குண்டு முன்னோக்கி நகர்வது. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கேஸ் அதோடு போய்விடும், குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும்; கேஸின் வாய் மடிப்பு இறுக்கமாக இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சிலிண்டர் முகப்பைத் தாண்டிவிட்டால் சிலிண்டர் சுழலாது, காட்டில் சரிசெய்யவும் முடியாது. சோதனை எளிது: ஆறாவது தோட்டாவின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துவிட்டு ஐந்தைச் சுடுங்கள், மறுபடி அளங்கள். அதே தோட்டாவைத் திரும்பப் போட்டு இன்னொரு ஐந்து. நீளம் கூடிக்கொண்டே போனால் அந்தத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியில் சுமக்காதீர்கள்.

.357-இல் .38 நிறையச் சுட்டால் சேம்பருக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைக்குள்) கரி வளையம் படியும். அப்புறம் மேக்னம் தோட்டா முழுதாக உள்ளே போகாது, சுட்ட கேஸும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வெண்கலத் தூரிகையில் கரைப்பான் தொட்டு ஆறு சேம்பரையும் தேய்க்க வேண்டும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பாயும். சட்டகத்தின் முன்பக்கம் விரல் வைப்பதும், அந்த இடத்தை மரத்திலோ கையிலோ ஊன்றிச் சுடுவதும் கூடாது. .460, .500-இல் விரலே போகலாம்.

ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துவைத்துச் சுடும் பழைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது 1973-க்கு முன் வந்து பாதுகாப்புப் பட்டை மாற்றம் செய்யாதவை, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். அவற்றில் ஐந்து தோட்டா போட்டு ஹேமரை வெற்றுச் சேம்பர்மேல் வைக்க வேண்டும்.

எட்டாம் படி: உறையும் ஸ்பிரேயும்

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை, இடுப்பு உறையை மூடிவிடும். அதனால் அலாஸ்காவில் மார்பில் கட்டும் உறை பரவலாகப் பயன்படுகிறது; இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்பவர்களுக்கும் அதுவே வசதி. ட்ரிகர் முழுதாக மூடியிருக்க வேண்டும், பட்டை ஒரே அசைவில் விடுபட வேண்டும்.

கரடிப் பகுதியில் ரிவால்வர் இருந்தாலும் கரடி ஸ்பிரே எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகள்மீது ஸ்பிரே பயன்படுத்தியபோது 92 விழுக்காடு அவற்றின் வேண்டாத நடத்தை நின்றது. குறைந்தது 225 கிராம் டப்பா, 25 அடி எட்டுவது. விமானத்தில் ஸ்பிரேயைக் கைப்பையிலும் எடுத்துப்போக முடியாது, செக்-இன் சாமானிலும் போட முடியாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்க வேண்டும். ரிவால்வரையோ தோட்டா நீக்கிப் பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்ட்டரில் அறிவித்துச் செக்-இன் செய்யலாம்.

மழையிலும் வியர்வையிலும் சுமந்த தோட்டாக்களை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். பழையவற்றைச் சீசனுக்கு முன் ரேஞ்சில் சுட்டுத் தீர்த்தால், சைட் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.